கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி: மாநிலத்தில் அடிக்கும் அலை இங்கே ஏன் திசை மாறுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "கன்னியாகுமரியில் பாஜக இரண்டு முறை வென்றிருக்கிறது. திமுக ஒரே ஒரு முறை. அதிமுக ஒருமுறைகூட இல்லை. தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகளிலிருந்து இது ஏன் இப்படி வேறுபடுகிறது? முதல் தேர்தலிலிருந்து சொல்ல முடியுமா?"

மதக் கணக்கை மட்டும் வைத்துப் பதில் சொல்பவர்கள்தான் அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.20 சதவீதம். இந்த எண்கள் முக்கியம்தான். ஆனால் அவை 1982க்குப் பிந்தைய கதையைத்தான் விளக்கும். திமுக ஏன் இங்கே வேரூன்றவில்லை என்பதற்கு விடை 1956க்கு முன்னால் கிடக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

இன்றைய குமரி மாவட்டம் 1956 அக்டோபர் 31 வரை தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடிய கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர் 'மார்ஷல்' ஏ. நேசமணி. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் (இந்தத் தொகுதிக்கு அப்போது அதுதான் பெயர்) இந்தக் கட்சியின் சார்பில் வென்றவர் அவர்தான். அதே தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தில் கட்சிக்கு 8 இடங்கள் கிடைத்தன. 1954 தேர்தலில் 12. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அதே கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். அந்த மோதலின் தொடர்ச்சியாகத்தான் பின்னர் லோகியா கட்சியை விட்டே வெளியேற நேர்ந்தது. வட இந்திய அரசியல் வரலாறு எழுதுபவர்கள் இந்தப் புதுக்கடைத் தொடர்பைச் சொல்வது அரிது.

1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. நோக்கம் நிறைவேறியதும் நேசமணியின் கட்சி இந்திய தேசிய காங்கிரசில் கலந்தது. இங்கேதான் முடிச்சு இருக்கிறது. சென்னை, தஞ்சாவூர், கோவைப் பகுதிகளில் தமிழ், தமிழ்நாடு என்ற உணர்ச்சி ஐம்பதுகளில் திமுகவின் பக்கம் திரண்டது. குமரியில் அதே உணர்ச்சி, துப்பாக்கிச் சூடு, சிறை எல்லாம் பட்டு, காங்கிரஸ் கொடிக்குள் போய்விட்டது. திமுக இங்கே வந்து சேர்ந்தபோது "தமிழுக்காக நின்றவர்கள்" என்ற இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1957இல் காங்கிரசின் பி. தாணுலிங்க நாடார் வென்றார். 1962இலும் 1967இலும் மீண்டும் நேசமணி, இம்முறை காங்கிரஸ் வேட்பாளராக. 1967 தேர்தலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க திமுக கூட்டணி வாரிச் சுருட்டிய தேர்தல் அது. 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்கு மிஞ்சியது மூன்று. அதில் ஒன்று நாகர்கோவில்.

நேசமணி 1968 ஜூன் 1 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் 1,285 வாக்கில் பெ. சீனிவாசனிடம் தோற்றிருந்த காமராஜர், 1969 ஜனவரி இடைத்தேர்தலில் இங்கே வந்து நின்றார். எதிரில் திமுக ஆதரவோடு சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ். காமராஜருக்கு 2,49,437 வாக்குகள், மத்தியாஸுக்கு 1,21,236. வித்தியாசம் 1,28,201. ஆளுங்கட்சியாக இருந்த திமுக முழு பலத்தோடு வேலை செய்தும் இந்த நிலை. சொந்த ஊர் கைவிட்ட தலைவரைக் குமரி தூக்கி நிறுத்தியது என்று இன்றும் பேசுவார்கள். அது உணர்ச்சிப் பேச்சு மட்டுமல்ல என்பதற்கு 1971 சான்று. காங்கிரஸ் உடைந்து, இந்திரா காந்தியின் அணியும் திமுகவும் கைகோத்த தேர்தல் அது. தமிழ்நாட்டில் காமராஜர் இருந்த மற்ற அணியான ஸ்தாபன காங்கிரஸ் ஜெயித்தது ஒரே ஒரு மக்களவைத் தொகுதி. அது நாகர்கோவில், வென்றவர் காமராஜர்.

காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார். 1977இல் அதிமுக-இந்திரா காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தை அள்ளியது. எதிரணியில் ஸ்தாபன காங்கிரஸ் மூன்று இடங்களும் திமுக இரண்டு இடங்களும் மட்டும் பெற்றன. நாகர்கோவில் அந்த மூன்றில் ஒன்று. வென்றவர் குமரி அனந்தன். ஆக 1967, 1971, 1977 என்று மூன்று தேர்தல்களில் தொடர்ந்து மாநிலம் ஒரு பக்கம், இந்தத் தொகுதி வேறு பக்கம்.

அடுத்த பதினெட்டு ஆண்டுகளை என். டென்னிஸின் காலம் என்று சொல்லிவிடலாம். 1980, 1984, 1989, 1991 நான்கும் காங்கிரஸ் சார்பில். மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசை (தமாகா) தொடங்கியபின் 1996, 1998 இரண்டும் அக்கட்சி சார்பில். இடைவெளி இல்லாமல் ஆறு வெற்றிகள். இதில் 1980 திமுக கூட்டணியில், 1984 முதல் 1991 வரை அதிமுக கூட்டணியில், கடைசி இரண்டும் மறுபடி திமுக கூட்டணியில். கூட்டாளி யார் என்பது இங்கே இரண்டாம்பட்சமாக இருந்தது. 1998இல் அதிமுக-பாஜக அணி மாநிலத்தில் 30 இடம் பிடித்தபோதும் டென்னிஸ் தாக்குப்பிடித்தார். தமாகா மாநிலம் முழுக்க வென்ற மூன்று தொகுதிகளில் இது ஒன்று.

ஆனால் வெளியே தெரிந்த இந்த நிலைத்தன்மைக்குள் தரை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம். அதற்குப் பிறகு காங்கிரசின் இந்து வாக்கில் ஒரு பகுதி நிரந்தரமாகப் பிரிந்தது. 1957இல் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த அதே தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானார். இந்த ஒரு மனிதரின் பாதையே தொகுதியின் பாதியைச் சொல்லிவிடும். 1984 சட்டமன்றத் தேர்தலில் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி ஆதரவு வேட்பாளர் வென்றார். 1996இல் அதே பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் வென்று தமிழ்நாட்டின் முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினர் ஆனார். மக்களவைக்கு பொன். ராதாகிருஷ்ணன் 1991 முதல் விடாமல் நின்றார். 2024 அவருக்கு இங்கே பத்தாவது போட்டி. வென்றது 1999, 2014 என இரண்டு முறை.

அந்த இரண்டு வெற்றிகளும் எப்படிக் கிடைத்தன என்று பிரித்துப் பார்த்தால்தான் தொகுதியின் இயக்கம் புரியும். 1998இல் அதிமுக துணையோடு நின்றபோது பாஜக தோற்றது. ஓராண்டு கழித்து 1999இல் திமுக துணையோடு நின்றபோது ஜெயித்தது. டென்னிஸின் காலம் அத்தோடு முடிந்தது. 2004இல் திமுக எதிரணிக்குப் போய், இடம் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது. ஏ.வி. பெல்லார்மின் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த மேற்குப் பகுதியில், அதாவது விளவங்கோடு, பழைய திருவட்டாறு பக்கம், மார்க்சிஸ்டுகளுக்குப் பழைய அடித்தளம் உண்டு, திருவட்டாறில் ஜே. ஹேமச்சந்திரனின் பெயரை இப்போதும் சொல்வார்கள். ஆனால் 2004 வெற்றி அந்த அடித்தளத்தின் வெற்றி என்று நினைத்தால் தவறு. 2009இல் அதே பெல்லார்மின் அதிமுக அணியில் நின்று 85,583 வாக்கோடு மூன்றாம் இடம் போனார். அந்த ஆண்டு திமுகவின் ஜே. ஹெலன் டேவிட்சன் 3,20,161, பொன். ராதாகிருஷ்ணன் 2,54,474. திமுகவின் ஒரே வெற்றி அதுதான், அதுவும் காங்கிரஸ் தோள்கொடுத்ததால்.

இப்போது 2014. அதிமுக 37 தொகுதிகளை வென்ற தேர்தல். பிடிபடாத இரண்டில் ஒன்று தர்மபுரி, மற்றது கன்னியாகுமரி. வாக்குகள் இப்படி விழுந்தன: பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906, காங்கிரசின் எச். வசந்தகுமார் 2,44,244; அதிமுகவின் ஜான் தங்கம் 1,76,239; திமுகவின் ராஜரத்தினம் 1,17,933; மார்க்சிஸ்ட் பெல்லார்மின் 35,284. வெற்றி வித்தியாசம் 1,28,662. பாஜகவுக்குக் கிடைத்தது பதிவானதில் ஏறத்தாழ 38 சதவீதம். காங்கிரஸ், திமுக, மார்க்சிஸ்ட் மூன்றையும் கூட்டினால் 3,97,461 வருகிறது, பாஜகவைவிட 24,555 அதிகம். அதிமுகவையும் சேர்த்து எதிரில் நான்கு பேரும் தனித்தனியாக நின்றார்கள், பாஜக புகுந்துவிட்டது. திமுக இங்கே டெபாசிட்டையும் இழந்தது (செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும்).

2019இல் அதிமுக பாஜகவோடு சேர்ந்தது. காகிதக் கணக்கில் 3,72,906 உடன் 1,76,239 சேர்ந்து 5,49,145 வந்திருக்க வேண்டும். வந்ததோ 3,67,302. முந்தைய தேர்தலைவிட 5,604 குறைவு. எதிரில் வசந்தகுமார் 6,27,235 பெற்று 2,59,933 வித்தியாசத்தில் வென்றார். 2014இன் மூன்று கட்சிக் கூட்டுத்தொகையைவிட அவருக்கு 2,29,774 வாக்கு கூடியிருக்கிறது. அதிமுகவின் மொத்த வாக்கையும் சேர்த்தாலும் எட்டாத அளவு. புதிய வாக்காளர்களைக் கழித்துப் பார்த்தாலும், குமரியின் அதிமுக வாக்கில் பெரும்பகுதி தலைமையின் கூட்டணியோடு போகவில்லை என்றுதான் படிக்க முடிகிறது.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு 2024 முடிவைக் காட்டுவேன். அதிமுக பாஜகவை விட்டுப் பிரிந்து நின்றது. பாஜகவுக்கு விழுந்தது 3,66,341. அதிமுகவோடு நின்ற 2019க்கும், அதிமுக இல்லாமல் நின்ற 2024க்கும் வித்தியாசம் 961 வாக்கு! அதிமுக வேட்பாளர் பசிலியான் நசரேத்துக்கு 41,393. நாம் தமிழரின் மரிய ஜெனிபர் 52,721 பெற்று அவரை முந்தினார். இருவருக்கும் டெபாசிட் இல்லை. காங்கிரசின் விஜய் வசந்த் 5,46,248 பெற்று 1,79,907 வித்தியாசத்தில் வென்றார்.

ஆகவே 2014, 2019, 2024 மூன்று பொதுத்தேர்தல்களிலும் பாஜக வாக்கு 3.66 லட்சத்துக்கும் 3.73 லட்சத்துக்கும் இடையே அசையாமல் நிற்கிறது. மேலே போகவும் இல்லை, கீழே சரியவும் இல்லை. இந்தச் சுவருக்கு எதிரே உள்ள வாக்கு ஒரே சின்னத்தில் விழுகிறதா, சிதறுகிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. "பாஜக அலை", "பாஜக சரிவு" என்று இரு பக்கமும் எழுதப்படும் கட்டுரைகள் அசைந்த பக்கத்தை விட்டுவிட்டு அசையாத பக்கத்தைப் பார்க்கின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மறைத்தால் நேர்மையாகாது. வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவால் இறந்ததால், 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு இடைத்தேர்தல் நடந்தது. அவருடைய மகன் விஜய் வசந்த் 5,76,037, பொன். ராதாகிருஷ்ணன் 4,38,087, வித்தியாசம் 1,37,950. இங்கே மட்டும் பாஜக வாக்கு 70,000க்கு மேல் ஏறியது. காரணம், என் கணிப்பில், ஒரே நாள் வாக்குப்பதிவு. சட்டமன்றத்துக்கு இரட்டை இலைக்கோ தாமரைக்கோ குத்த வந்தவர் பக்கத்து இயந்திரத்திலும் அதே அணிக்குக் குத்துவது எளிது. அன்று கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியை அதிமுகவின் தளவாய் சுந்தரமும், நாகர்கோவிலை பாஜகவின் எம்.ஆர். காந்தியும் பிடித்தார்கள். குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் காங்கிரசுக்கும் பத்மநாபபுரம் திமுகவுக்கும் போயின. மேற்கும் கடலோரமும் ஒரு பக்கம், நாஞ்சில் நாட்டுக் கிழக்கு மறுபக்கம் என்ற கோடு அந்த முடிவில் தெளிவாகத் தெரியும்.

கடலோரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் மத்திய இணை அமைச்சரான பொன். ராதாகிருஷ்ணனின் காலத்தில் மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் வந்தன. பாலம் கட்டியும் ஏன் தோற்றார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இனயம் துறைமுகத் திட்டத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. மீனவக் கிராமங்கள் எதிர்த்தன. திட்டம் கோவளம்-கீழமணக்குடி பக்கம் நகர்த்தப்பட்டதும் எதிர்ப்பும் அங்கே நகர்ந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை நேரத்தில் போய்ச் சேரவில்லை, தேடுதலும் தாமதம் என்ற கோபம் தூத்தூர் முதல் கன்னியாகுமரி வரை இருந்தது. பாலத்தால் கிடைத்த நல்ல பெயர் கடற்கரை வரை போகவில்லை.

கடைசியாக, நீங்களே எண்களைச் சரிபார்க்கப் போனால் எங்கே வழுக்கும் என்று சொல்லிவிடுகிறேன். 2008 தொகுதிச் சீரமைப்பு வரை இந்தத் தொகுதியின் பெயர் நாகர்கோவில்; 2009 முதல்தான் கன்னியாகுமரி. "கன்னியாகுமரியில் காமராஜர் வென்றார்" என்று தேடினால் பழைய அட்டவணையில் கிடைக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் எல்லை. சீரமைப்புக்கு முன் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் இருந்தவை நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர். சீரமைப்பில் திருவட்டாறு ஒழிந்தது, கன்னியாகுமரி உள்ளே வந்தது. ஆகவே 2004ஐயும் 2009ஐயும் வாக்கு எண்ணிக்கையாக நேரே ஒப்பிடாதீர்கள், நிலப்பரப்பே வேறு. நான் மேலே 2014க்குப் பிந்தையவற்றை மட்டும் கூட்டிக் கழித்ததற்கு அதுவே காரணம்.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் பொதுத்தேர்தல் வாரியாக வெளியிடப்பட்டவை. 1969, 2021 இடைத்தேர்தல்கள் அவற்றில் வராது, தனியாகத் தேட வேண்டும். இணையத்தில் உலவும் பல பட்டியல்களில் காமராஜர் 1971இல்தான் முதலில் வென்றதுபோல இருப்பது இதனால்தான். இடைத்தேர்தல்களையும் சேர்த்தால் இதுவரை 20 தேர்தல்கள்: காங்கிரஸ் 11, ஸ்தாபன காங்கிரஸ் 2, தமாகா 2, பாஜக 2, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்க்சிஸ்ட், திமுக தலா 1. உங்கள் பட்டியலில் 18தான் வந்தால் எந்த இரண்டு விட்டுப்போயின என்று இப்போது தெரியும்.

வாக்குச்சாவடி வாரியாகப் பார்க்க வேண்டுமானால் படிவம் 20. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் சட்டமன்றத் தொகுதி வாரியாகக் கிடைக்கும். ஆறு தொகுதிகளையும் கூட்டி, மொத்தம் இடிக்கிறதே என்று குழம்ப வேண்டாம். தபால் வாக்குகள் எந்தச் சட்டமன்றத் தொகுதிக் கணக்கிலும் சேராமல் மக்களவைத் தொகுதி அளவில் தனியே எண்ணப்படும். அந்த வரியைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். 2014 முதல் நோட்டா வரியும் உண்டு. டெபாசிட் கணக்குப் போடும்போது அதைச் செல்லத்தக்க வாக்கில் சேர்க்கக் கூடாது. ஆங்கிலத் தரவுக் கோப்பில் தேடுபவர்கள் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் போட்டிருக்கலாம் என்பதைக் கவனிக்கவும். தொகுதிப் பெயரில் 'என்' எழுத்து இரட்டிக்கும் (Kanniyakumari).